நாராவுக்கு ஒரு நாள்: காலை ரயில் முதல் அந்தி விளக்கு வரை

ஒசாகாவில் வேலைக்காகக் குடியிருந்த வருஷங்களில், ஊரிலிருந்து யார் வந்தாலும் நாராவுக்குக் கூட்டிப்போவது என் பொறுப்பாகிவிட்டது. முதல் இரண்டு தடவை எல்லோரும் செய்கிற தப்பையே நானும் செய்தேன். சாவகாசமாக எழுந்து, பத்தரைக்குப் போய்ச் சேர்ந்து, மானுக்கு பிஸ்கட் போட்டு, ஆயிரம் தலைகளுக்கு மேலே எட்டிப் பெரிய புத்தரைப் பார்த்துவிட்டு, இரண்டரை மணிக்கு "அவ்வளவுதானா?" என்ற முகத்தோடு விருந்தாளிகளைத் திருப்பிக் கூட்டிவந்தேன்.

மூன்றாவது தடவை என் அத்தை வந்தார். விடியற்காலை நாலரைக்கு எழுந்து குளித்துவிடுகிற ஆள். "சும்மா உட்கார்ந்திருப்பதற்குக் கிளம்பலாமே" என்றார். ஏழே காலுக்கு நாராவில் இறங்கினோம். அன்றைக்குத்தான் அந்த ஊரை நான் முதல்முதலாகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். காலை பத்திலிருந்து மாலை மூன்று வரை நாரா ஒரு சந்தை. அதற்கு முன்னும் பின்னும் அது வேறு ஊர். கீழே நான் போட்டுக் கொடுக்கும் திட்டம் முழுக்க இந்த ஒரு கணக்கின்மேல் நிற்கிறது: கூட்டம் வருமுன் புத்தர், கூட்டம் இருக்கையில் காடும் சந்துகளும், கூட்டம் போனபின் மறுபடி மேட்டுக்கோயில்.

போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம்

கி.பி. 710 முதல் 784 வரை ஜப்பானின் தலைநகரம் இது. அப்போதைய பெயர் ஹெய்ஜோ-க்யோ. சீனத்து சாங்-ஆன் நகரத்தைப் பார்த்து, சதுரங்கக் கட்டம் போலத் தெருப் போட்டுக் கட்டினார்கள். பௌத்தம் அரசு மதம் போலவே ஆனது, பெரிய கோயில்கள் எழும்பின. பிறகு தலைநகரம் வடக்கே போய்விட்டது. அரண்மனை இருந்த இடம் வயலாகிப் போனது. கோயில்கள் மட்டும் நின்றுவிட்டன. கியோட்டோ ஆயிரம் வருஷத்துக்கு மேல் அரசர் ஊராக இருந்து மெருகேறியது. நாராவோ எழுபத்து நாலு வருஷம் ஆடிவிட்டு ஓய்ந்த ஊர். அதனால்தான் இங்கே எல்லாம் பெரிதாகவும் பழசாகவும் கொஞ்சம் முரட்டுத்தனமாகவும் இருக்கும். கியோட்டோவின் நளினத்தை இங்கே தேடாதீர்கள்.

எந்த மாதம்? மார்ச் கடைசி, ஏப்ரல் முதல் வாரம் செர்ரிப் பூ. நவம்பரில் இலை சிவக்கும். இரண்டிலும் நெரிசல். ஜூலை, ஆகஸ்டில் வெயிலும் புழுக்கமும் நம் சித்திரையைத் தோற்கடிக்கும். என்னைக் கேட்டால் டிசம்பர் முதல் பாதி, இல்லையென்றால் மே நடுவில். ஜனவரி, பிப்ரவரியில் குளிர் எலும்பைத் தொடும், ஆனால் ஊர் உங்களுக்கே உங்களுக்கு.

எதில் போவது, எங்கே இறங்குவது

நாராவில் இரண்டு ஸ்டேஷன்கள். ஜே.ஆர். (ஜப்பான் ரயில்வே) நாரா, கின்தெட்சு-நாரா. கின்தெட்சு தனியார் ரயில் கம்பெனி, அதன் ஸ்டேஷன் பூமிக்கடியில், பூங்காவுக்குப் பக்கத்திலேயே. ஜே.ஆர். ஸ்டேஷனில் இறங்கினால் பூங்காவுக்கு இன்னும் கால் மணி நேரத்துக்கு மேல் நடக்க வேண்டும். கையில் ஜே.ஆர். பாஸ் இருந்தால் மட்டும் அதில் போங்கள். மற்றவர்களுக்குக் கின்தெட்சுதான்.

ஒசாகா-நம்பாவிலிருந்து விரைவு ரயிலில் நாற்பது நிமிஷம், 680 யென். ஐகோகா, சுயிகா என்று எந்த ஐ.சி. கார்டு இருந்தாலும் தட்டிவிட்டு ஏறலாம், தனி டிக்கெட் வேண்டாம். இடது பக்க ஜன்னலைப் பிடியுங்கள். இகோமா மலையில் ரயில் ஏறும்போது ஒசாகா சமவெளி முழுக்கக் கீழே விரியும். பிறகு சுரங்கம். யமாதோ-சைதைஜி தாண்டியதும் ரயில் ஒரு வெட்டவெளிக்குள் புகும். அதுதான் பழைய அரண்மனை இருந்த நிலம். வலது பக்கம் சிவப்புத் தூண்களோடு நிற்பது சுசாகு வாசல், 1998-ல் திருப்பிக் கட்டியது. இடது பக்கம் தூரத்தில் 2010-ல் கட்டி முடித்த அரசவை மண்டபம். இறங்கிப் பார்க்க இன்றைக்கு நேரமில்லை, ஜன்னல் தரிசனம் போதும்.

கியோட்டோவிலிருந்து வருபவர்களுக்குக் கின்தெட்சு எக்ஸ்பிரஸ் 760 யென், முக்கால் மணி நேரத்துக்குச் சற்று மேல். 520 யென் கூடுதலாகக் கொடுத்தால் முன்பதிவு இருக்கையுள்ள சிறப்பு விரைவு ரயில், முப்பத்தைந்து நிமிஷம். ஒரு எச்சரிக்கை: ரயிலின் முகப்பில் "கஷிஹாரா-ஜிங்கு-மாஎ" என்றிருந்தால் அது நாராவுக்குப் போகாது. யமாதோ-சைதைஜியில் இறங்கி எதிர் பிளாட்பாரத்துப் பலகையைப் பார்த்து மாறிக்கொள்ளுங்கள். தூங்கிவிட்டால் ரயில் உங்களை வேறு பக்கம் கொண்டுபோய்விடும். (கட்டணங்கள் அவ்வப்போது கொஞ்சம் ஏறும், கையில் சில்லறை கூடுதலாக இருக்கட்டும்.)

டோக்கியோவிலிருந்து ஒரே நாளில் போய்வர முடியுமா என்று கேட்கிறார்கள். முடியும். கியோட்டோவரை ஷின்கான்சென்னில் இரண்டேகால் மணி நேரம், பிறகு இந்த ரயில். ஆனால் நான் சொல்லும் காலையும் கிடைக்காது, மாலையும் கிடைக்காது. முந்தின இரவே ஒசாகாவிலோ கியோட்டோவிலோ தங்கிவிடுங்கள்.

பையில் என்ன இருக்க வேண்டும் என்றால்: சுலபமாகக் கழற்றி மாட்டுகிற செருப்போ ஷூவோ, ஓட்டையில்லாத சாக்ஸ், குப்பையைப் போட்டுக்கொள்ள ஒரு கவர். ஜப்பானில் தெருவில் குப்பைத்தொட்டி தேடுவது வீண் வேலை. ரொக்கமாக ஐயாயிரம் யென். பெரிய பை இருந்தால் ஸ்டேஷனில் காயின் லாக்கரில் வைத்துவிடுங்கள், மான்களுக்கு முதுகுப் பையைத் திறக்கத் தெரியும்.

காலை ஏழேகால்: மான்கள், அவசரமில்லாமல்

ஸ்டேஷன் படியேறி வெளியே வந்ததும் ஒரு நீரூற்று, நடுவில் ஒரு துறவியின் சிலை. அவர் பெயர் க்யோகி. பாலம் கட்டியும் குளம் வெட்டியும் ஊர் ஊராகத் திரிந்தவர். புத்தர் சிலைக்கு மக்களிடம் நிதியும் உழைப்பும் திரட்டிக் கொடுத்தவரும் அவர்தான். ஒரு கும்பிடு போட்டுவிட்டு, ஏறுமுகமாகக் கிழக்கே நடங்கள். வேறு வழி யோசிக்கவே வேண்டாம், நேரே ஒரே சாலை. ஐந்து நிமிஷத்தில் முதல் மான் வந்துவிடும்.

ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. யாரும் வளர்ப்பவை அல்ல, காட்டு மான்கள். 1957-ல் இயற்கைச் சின்னமாக அறிவித்தார்கள். காசுகா கோயிலின் தெய்வங்களில் ஒருவர் கிழக்கே கஷிமாவிலிருந்து வெள்ளை மானில் ஏறி வந்தார் என்பது ஐதீகம். அதனால் மான் தெய்வத்தின் வாகனம். முன்காலத்தில் மானைக் கொன்றால் கடும் தண்டனை. வாசலில் செத்த மான் கிடந்தால் வம்பு நமக்குத்தான் என்று பயந்து நாராக்காரர்கள் விடியுமுன்னே எழுந்து வாசலைப் பார்த்துவிடுவார்களாம். அத்தையிடம் இதைச் சொன்னபோது, "நல்ல பழக்கம்" என்றார்.

"ஷிகா செம்பெய்" என்கிற மான் பிஸ்கட்டை வண்டிக்காரர்கள் விற்பார்கள். ஒரு கட்டு 200 யென். அரிசித் தவிடும் மாவும் சேர்த்துச் சுட்ட, அப்பளம் போல வட்டமான வில்லைகள், சர்க்கரை கிடையாது. கட்டியிருக்கும் காகிதப் பட்டையையும் மான் தின்றால் கெடுதல் வராதபடி செய்திருக்கிறார்கள். வேறு எதையும் கொடுக்காதீர்கள். பிளாஸ்டிக் கவர்களைத் தின்று செத்த மான்களின் வயிற்றிலிருந்து கிலோக்கணக்கில் பிளாஸ்டிக் எடுத்திருக்கிறார்கள்.

கொடுக்கும் முறை இருக்கிறது. பிஸ்கட்டை மார்புக்கு நேரே பிடித்து, நீங்கள் தலை குனியுங்கள். மான் கழுத்தை இறக்கி, காது இரண்டும் முன்னால் சாய, ஒரு தடவை குனிந்து நிமிரும். உடனே கொடுத்துவிட வேண்டும். படம் எடுக்க இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று குனியவைத்தால் அதற்கு எரிச்சல் வந்துவிடும். அடுத்த குனிதல் உங்கள் இடுப்பில் ஒரு கடி. அதன் மரியாதைக்கு ஒரு எல்லை இருக்கிறது, நியாயம்தானே? தீர்ந்ததும் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டுங்கள். அது பார்க்கும், மோந்து பார்க்கும், அடுத்த ஆளிடம் போய்விடும். இலையுதிர் காலத்தில் ஆண் மான்களுக்கு மதம். மே முதல் ஜூலை வரை குட்டி போட்ட தாய்கள். இந்த இரண்டு பருவத்திலும் குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். எல்லாப் பருவத்திலும் காகிதத்தைப் பத்திரப்படுத்துங்கள். அத்தை ஒரு தாளில் அன்றைய திட்டம் முழுவதையும் தன் கையெழுத்தில் எழுதி வைத்திருந்தார். அதை ஒரு பெட்டை மான் அவர் விரலிடுக்கிலிருந்து உருவி, அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டே நிதானமாக மென்று முடித்தது.

காலையில் பிஸ்கட் வண்டிகள் வந்திருக்காது. அதனால் மான்கள் உங்களிடம் எதையும் எதிர்பார்க்காமல் பனிப்புல்லில் மேய்ந்துகொண்டிருக்கும். பார்க்க அதுதான் அழகு. பிஸ்கட்டைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

ஏழரை: தோதாய்-ஜி

பெரிய புத்தர் இருக்கும் கோயில் இதுதான். முதலில் நந்தாய்-மோன், தெற்கு வாசல். சுமார் 25 மீட்டர் உயரம், பதினெட்டுப் பெருந்தூண்கள், வர்ணமில்லாத மரம். 1180-ல் போரில் கோயில் எரிந்தபின், சீனத்திலிருந்து கற்றுவந்த கட்டுமான முறையில் 1199-ல் எழுப்பியது. இரண்டு பக்கமும் இருட்டுக்குள் துவாரபாலகர்கள், ஒவ்வொருவரும் எட்டு மீட்டருக்கு மேல். உன்கேய், காய்கேய் என்ற இரு சிற்பிகள் தலைமையில் 1203-ல் அறுபத்தொன்பது நாளில் செதுக்கியவை. ஒருவர் வாய் திறந்து "அ" என்கிறார், மற்றவர் வாய் மூடி "ஹூம்" என்கிறார். தொடக்கமும் முடிவும். வடமொழி ஒலிகள் கடல் தாண்டி மரத்தில் உறைந்து நிற்கின்றன. பத்து மணிக்கு மேல் இந்த வாசலில் நின்று அண்ணாந்து பார்க்க முடியாது, யாராவது இடிப்பார்கள்.

பெரிய மண்டபம் ஏப்ரலிலிருந்து அக்டோபர்வரை காலை 7:30-க்கும், நவம்பரிலிருந்து மார்ச்வரை 8 மணிக்கும் திறக்கும். நுழைவு 800 யென். திறக்கும்போதே உள்ளே போய்விட வேண்டும், இன்றைய நாளின் உயிர்நாடி அது.

மண்டபத்துக்கு நேர் முன்னால் ஒரு எண்கோண வெண்கல விளக்குத் தூண் இருக்கிறது. எல்லோரும் அதைக் கடந்து ஓடுவார்கள். நில்லுங்கள். மண்டபம் இரண்டு தடவை எரிந்தது, இது எட்டாம் நூற்றாண்டிலிருந்து அப்படியே நிற்கிறது. அதன் பின்னல் தகடுகளில் போதிசத்துவர்கள் புல்லாங்குழல் ஊதுகிறார்கள், தாளம் தட்டுகிறார்கள்.

உள்ளே போனதும் கண் பழக ஒரு நிமிஷம் ஆகும். பிறகு மெல்ல அவர் தெரிவார். வைரோசன புத்தர், 15 மீட்டர், வெண்கலம். பேரரசர் ஷோமு 743-ல் ஆணையிட்டார். அம்மை, பஞ்சம், கலகம் என்று அடுத்தடுத்து வந்த காலம். 752-ல் கண் திறப்பு விழா. நம் ஊரில் சிற்பி கடைசியாகக் கண் திறப்பது போலவே, இங்கே தூரிகையால் கண்மணி தீட்ட வேண்டும். அப்போது ஷோமு முடிதுறந்து உடல் நலிந்திருந்தார். தூரிகையைப் பிடித்தவர் இந்தியாவிலிருந்து 736-ல் ஜப்பான் வந்த போதிசேனர் என்ற துறவி. ஜப்பானியர் அவரை "பராமொன் சோஜோ", அதாவது பிராமணப் பெருந்துறவி என்று அழைத்தார்கள். தூரிகையோடு நீளமான நீலப் பட்டுநூலைக் கட்டி, கூடியிருந்தவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள், எல்லோரும் சேர்ந்து கண் திறந்ததாக இருக்கட்டும் என்று. அந்தத் தூரிகையும் நூலும் இன்றும் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் ஷோசோ-இன் களஞ்சியத்துப் பொருள்களோடு பத்திரமாக இருக்கின்றன.

சிலையை ஒரே காலத்ததாக நினைத்துப் பார்க்காதீர்கள். 1567 தீயில் தலை போயிற்று. அதன்பின் பல பத்தாண்டுகள் புத்தர் வெட்டவெளியில் மழையில் உட்கார்ந்திருந்தார். இப்போதுள்ள தலை பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் வார்த்தது. உட்கார்ந்திருக்கும் தாமரையின் சில இதழ்களும் உடம்பில் அங்கங்கே சில பகுதிகளும் மட்டும் முதல் வார்ப்பு. மண்டபம் 1709-ல் கட்டி முடித்தது, 57 மீட்டர் அகலம். முதலில் இருந்தது 86 மீட்டர். பணம் போதவில்லை, மரமும் போதவில்லை. தூணருகே போய்ப் பாருங்கள்: ஒரே மரமல்ல, பல துண்டுகளைச் சேர்த்து இரும்புப் பட்டை போட்டு இறுக்கியிருப்பார்கள். அவ்வளவு பெரிய மரம் அப்போதே நாட்டில் அருகிவிட்டது. பெருமையைவிட இந்தப் பட்டைகள்தான் எனக்குப் பிடிக்கும்.

வலமாகச் சுற்றிவந்தால் பின்பக்கம் ஒரு தூணின் அடியில் சதுர ஓட்டை. புத்தரின் மூக்குத்துளை அளவாம், நுழைந்து வந்தால் நல்லது என்பார்கள். குழந்தைகளுக்கு விளையாட்டு. பெரியவர்கள் ஒரு கையை முன்னே நீட்டி, தோளைச் சாய்த்துப் போனால்தான் வரலாம். அரிசிச்சோற்றில் வளர்ந்த என் உடம்பு அதைச் சோதிக்கவில்லை.

வெளியே வந்ததும் வாசலின் ஓரமாகச் சிவப்புத் துணி போர்த்திய ஒரு மரக் கிழவர். பிஞ்சுரு என்பார்கள், பிண்டோல பாரத்வாஜர்தான் அவர். உடம்பில் எங்கே வலியோ, அவருடைய அந்த இடத்தைத் தடவி, பிறகு உங்களுடையதைத் தடவிக்கொள்ள வேண்டும். முழங்கால் இரண்டும் தேய்ந்து மழுமழுவென்று இருக்கும். அத்தை யாரிடமும் கேட்காமல் நேரே போய் முழங்காலைத்தான் பிடித்தார். ஜப்பானியப் பாட்டி ஒருவர் மற்ற முழங்காலைப் பிடித்திருந்தார். இருவரும் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

ஒன்பது மணி: மேட்டில் ஏறுங்கள்

மண்டபத்திலிருந்து கிழக்கே கல்படி ஏறினால் பத்து நிமிஷத்தில் இரண்டு கோயில்கள். சங்காத்சு-தோ, "மூன்றாம் மாத மண்டபம்", தோதாய்-ஜியிலேயே பழைய கட்டடம். தனிக் கட்டணம், கூட்டமே இராது. உள்ளே நடுவில் நிற்பது எட்டுக் கைகள், நெற்றியில் நிமிர்ந்த மூன்றாவது கண், கையில் பாசம் கொண்ட கன்னோன். அமோகபாச அவலோகிதர். உட்கார்ந்து பார்க்கத் திண்ணை போட்டிருக்கிறார்கள். நம் ஆட்கள் இங்கே கையெடுத்துக் கும்பிடாமல் வந்ததை நான் பார்த்ததில்லை.

பக்கத்தில் நிகாத்சு-தோ, "இரண்டாம் மாத மண்டபம்". இதை இப்போது எட்டிப் பார்த்தால் போதும், மாலையில் திரும்பி வரப்போகிறோம்.

அங்கிருந்து தெற்கே, வகாகுசா மலையடிவாரத்தில் புல்சரிவை ஒட்டிக் கடைகள் உள்ள பாதை. இருபது நிமிஷ நடையில் காசுகா தாய்ஷா. மலை உச்சி 342 மீட்டர்தான், 150 யென் கொடுத்து ஏறலாம், குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள். கால் வலிமையுள்ள இளவட்டங்கள் ஏறட்டும், நான் சிபாரிசு செய்ய மாட்டேன். மாலைக்குக் காலில் தெம்பு வேண்டும்.

பத்தரை: காட்டுக்குள் விளக்குகள்

தோதாய்-ஜியில் இப்போது பஸ் பஸ்ஸாக இறங்கிக்கொண்டிருப்பார்கள். நீங்கள் காட்டு நிழலில் இருப்பீர்கள்.

காசுகா தாய்ஷா 768-ல் நிறுவியதாகச் சொல்லப்படும் ஷிந்தோ கோயில், ஃபுஜிவாரா குடும்பத்தின் குலதெய்வங்களுக்கானது. பின்னால் உள்ள மலைக்காட்டில் 841-லிருந்து மரம் வெட்டவும் வேட்டையாடவும் தடை. பாதையின் இரு பக்கமும் பாசி படர்ந்த கல்விளக்குகள், ஏறக்குறைய இரண்டாயிரம். உள்ளே கூரையடியில் தொங்கும் வெண்கல விளக்குகள் ஆயிரம். ஒவ்வொன்றிலும் கொடுத்தவர் பெயரும் தேதியும் பொறித்திருக்கும். டியூப்லைட்டில் வெளிச்சமே வராதபடி "உபயம்" எழுதுகிற நம் ஊர்க்காரர்களுக்கு இந்த மனசு உடனே புரியும். இங்கே கொஞ்சம் அடக்கமாக எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

எல்லா விளக்கையும் சேர்த்து ஏற்றுவது வருஷத்தில் சில இரவுகள்தான்: பிப்ரவரி ஆரம்பத்தில் செத்சுபுன் நாளிலும், ஆகஸ்ட் 14, 15-லும். மற்ற நாளில் வருபவர்களுக்காக, கட்டணம் கட்டிப் போகும் உட்பகுதியில் ஓர் அறையை இருட்டாக்கி விளக்கேற்றி வைத்திருக்கிறார்கள். அந்த அறைக்காகவே டிக்கெட் எடுக்கலாம்.

திரும்பும்போது வந்த பெரும்பாதையை விட்டுவிட்டு, தென்மேற்கே இறங்கும் "ஷிமோ-நோ-நெகி" ஒற்றையடிப் பாதையைப் பிடியுங்கள். கிசுகிசுப் பாதை என்று செல்லப்பெயர். அசெபி புதர்கள் தலைக்கு மேல் கூரை போட்டிருக்கும். பத்து நிமிஷத்தில் தகாபதாகே என்கிற அமைதியான தெருவில் வந்து விழுவீர்கள். அங்கிருந்து மேற்கே நடந்தால் சாப்பாடு.

பன்னிரண்டரை: சாப்பாட்டுப் பிரச்சினை

சைவக்காரர்களுக்கு ஜப்பானில் எதிரி கறியல்ல, தாஷி. உலர்ந்த மீன் சீவலில் எடுக்கும் சாறு. நூடுல்ஸ் குழம்பு, சாஸ், கீரைப் பொரியல் எல்லாவற்றிலும் ஒளிந்திருக்கும். "வதாஷி வா நிகு மோ சகானா மோ தாபேமாசென்" (நான் கறியும் மீனும் சாப்பிடுவதில்லை) என்றால் தட்டில் மீன் வராது, சாற்றில் வரும். அதனால் "கத்சுஓ-தாஷி மோ தமே தெசு" (மீன் சாறும் கூடாது) என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். கடைக்காரர் யோசித்துவிட்டுக் கைகளைக் குறுக்கே பெருக்கல் குறி போல வைத்தால் இல்லை என்று அர்த்தம். கோபப்படாமல் அடுத்த கடை. அத்தைக்கு நான் எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்குப் பொரியலும் டப்பாவில் கட்டிக்கொண்டு போனேன். ஆனால் பூங்காவில் திறக்காதீர்கள், மான். நாராமாச்சி என்ற பழைய தெருக்கள் பக்கம் ஏதாவது பெஞ்சில் உட்காருங்கள்.

கேட்டால் நாராவுக்கே உரிய சைவ வழிகள் உண்டு. "சாகாயு" என்று வறுத்த தேயிலைத் தண்ணீரில் வேகவைத்த கஞ்சி. நம் கஞ்சி மாதிரியே, நிறம் மட்டும் பழுப்பு. காலையில் சில இடங்களில் கிடைக்கும். யோஷினோ மலைப்பக்கத்துக் "குசு" கொடியின் கிழங்கு மாவில் செய்யும் இனிப்புகள், கூவைக்கிழங்குக் களியை நினைவூட்டும். சன்ஜோ தெருமுனையில் நகதானிதோ கடையில் இரண்டு பேர் எதிரெதிரே நின்று, ஒருவர் மர உலக்கையால் ஓங்கிக் குத்த, மற்றவர் அடிக்கும் அடிக்கும் நடுவே கைவிட்டு மாவைப் புரட்டுவார். கண் சிமிட்டினால் விரல் போய்விடும் வேகம். மாசிபத்திரி இனத்து யோமொகி இலை சேர்த்த பச்சை மோச்சி (குத்திய பசையரிசி உருண்டை), உள்ளே இனிப்புப் பயறு, வெளியே சோயாத் தூள். கைச்சூட்டோடு தின்ன வேண்டும்.

அசைவக்காரர்கள் "காகி-நோ-ஹா-சுஷி" வாங்குங்கள். உப்பிட்ட கானாங்கெளுத்தியும் சோறும் சீமைப் பனிச்சை இலையில் மடித்தது. நாராவில் கடல் கிடையாது, மலைதாண்டி வந்த உப்பு மீனைக் கெடாமல் வைக்கக் கண்டுபிடித்த உபாயம். இலையைத் தின்னக்கூடாது. "நாரா-சுகே" என்ற பழுப்பு ஊறுகாய் சாகே மது வடித்த மண்டியில் ஊறியது. மது தொடாதவர்கள் கவனிக்கவும், வாசனையிலேயே தெரியும்.

இரண்டு மணி: நாராமாச்சி

பழைய வணிகர் தெருக்கள். முன்பக்கம் குறுகி, உள்ளே ரயில்பெட்டி போல நீளும் மரவீடுகள், மரச்சட்ட ஜன்னல்கள். கும்பகோணத்தில் உள்ளே போகப் போக நீளும் பழைய வீடு பார்த்தவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். தாழ்வாரத்தில் சிவப்புத் துணியில் செய்த சின்ன உருண்டைகள் கொத்தாகத் தொங்கும். அவை குரங்குகள், "மிகாவரி-சாரு". வீட்டில் ஆளுக்கு ஒன்று. வரும் கெடுதலை நமக்குப் பதிலாக அது வாங்கிக்கொள்ளுமாம். திருஷ்டிப் பூசணிக்குத் தூரத்துச் சொந்தம். இங்கே பட்டியல் போட்டுப் பார்க்க எதுவும் இல்லை. ஒரு மணி நேரம் வழி தவறுங்கள். வழியில் கங்கோ-ஜி வந்தால் அதன் கூரையை அண்ணாந்து பாருங்கள். நிறம் நிறமாகத் திட்டுத்திட்டாக இருக்கும் ஓடுகளில் சில ஆறாம் நூற்றாண்டுக் கடைசியில் சுட்டவை.

மூன்றரை: அசுரனைப் பார்க்க

சருசாவா குளக்கரையிலிருந்து ஐம்பத்திரண்டு படி ஏறினால் கோஃபுகு-ஜி. 1426-ல் திருப்பிக் கட்டிய ஐந்தடுக்குப் பகோடா 50 மீட்டர் உயரம், ஆனால் இப்போது பெரிய பழுதுபார்ப்பு வேலைக்காக மூடியிருக்கிறார்கள். வேலை பல வருஷம் போகும். படம் எடுக்க முடியவில்லையே என்று வருந்த வேண்டாம், இங்கே வந்தது வேறொன்றுக்கு. தேசியப் பொக்கிஷ மண்டபத்துக்கு டிக்கெட் எடுங்கள். ஐந்து மணிக்கு மூடுவார்கள், உள்ளே விடுவதை அதற்கு முன்பே நிறுத்திவிடுவார்கள்.

உள்ளே எட்டுக் காவலர் வரிசையில் "அஷுரா" நிற்கிறார். மூன்று முகம், ஆறு கை, 153 சென்டிமீட்டர், 734-ல் செய்தது. பேரரசி கோம்யோ தன் தாயின் நினைவுக்காகக் கட்டிய மண்டபத்துக்கு. நம் கதைகளில் அசுரன் என்றால் கோரைப்பல், உருட்டுவிழி. இங்கே மெலிந்த கைகளோடு, புருவம் லேசாகச் சுருங்கி, அழப்போகிறானா மன்னிப்புக் கேட்கப்போகிறானா என்று தெரியாத ஒரு பையன். தோற்றபின் மனம் திரும்பிய அசுரன். பக்கத்தில் "கருரா", நம் கருடன். "கென்தத்சுபா", கந்தர்வன். "கின்னரா" விளக்கமே வேண்டாம். பெயர்ப்பலகையைப் படித்துக்கொண்டே போனால் ஒரு தமிழருக்கு அங்கே யாரும் அந்நியரில்லை. அரக்கில் தோய்த்த துணியை அடுக்கடுக்காக ஒட்டி, உள்ளே வெற்றிடமாகச் செய்த சிலைகள் இவை. எடை குறைவு. அதனால்தான் ஒவ்வொரு தீயிலும் தூக்கிக்கொண்டு ஓடிக் காப்பாற்ற முடிந்தது.

அக்டோபர் கடைசி, நவம்பர் ஆரம்பத்தில் வந்தால் மட்டும் இந்தத் திட்டத்தில் ஒரு மாற்றம். அப்போது நாரா தேசிய அருங்காட்சியகத்தில் ஷோசோ-இன் பொருள்களை வருஷத்துக்கு ஒரு தடவை காட்சிக்கு வைப்பார்கள். நாராமாச்சியை விட்டுவிட்டு அதற்கு முன்பதிவு செய்யுங்கள்.

ஐந்து மணி: மறுபடி மேடு

கால் கெஞ்சும். கெஞ்சட்டும். கோஃபுகு-ஜியிலிருந்து நிகாத்சு-தோவுக்கு அரை மணி நேர நடை, கடைசியில் ஏற்றம். பெரியவர்கள் இருந்தால் சிட்டி லூப் மஞ்சள் பஸ்ஸில் தோதாய்-ஜி நிறுத்தம்வரை வந்து மீதியை மெதுவாக ஏறலாம். சூரியன் மறைய நாற்பது நிமிஷம் முன்பு மேலே இருக்கும்படி கணக்குப் போடுங்கள். டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே இருட்டும், அப்போது நாராமாச்சியைச் சுருக்க வேண்டியதுதான். ஜூனில் ஏழு தாண்டும். இடையில் குளக்கரையில் உட்கார்ந்து காபி குடிக்கலாம்.

தோதாய்-ஜி மண்டபத்தின் பின்புறமாகச் சுற்றி வரும் கல்பாவிய பாதையில் ஏறுங்கள். இரண்டு பக்கமும் பழைய மண்சுவர்கள், ஓட்டு விளிம்புகள், இடையிடையே சீமைப் பனிச்சை மரம். மான்கள் மரத்தடியில் கால் மடக்கிப் படுத்திருக்கும். பகலில் பிஸ்கட்டுக்காகத் துரத்திய அதே மான்கள் உங்களைத் திரும்பியும் பார்க்காது.

நிகாத்சு-தோவின் தாழ்வாரத்துக்குக் கட்டணம் இல்லை, எந்நேரமும் ஏறலாம். மலைச்சரிவில் மரக்கால்கள் மேல் நிற்கும் மண்டபம், மேற்கு பார்த்தது. மார்ச் முதல் இரண்டு வாரம் இந்தத் தாழ்வாரத்தில்தான் பெரும் பந்தங்களைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள், தீப்பொறி கீழே நிற்பவர்கள் தலையில் கொட்டும். அதைத் தலையில் வாங்கிக்கொள்வது நல்லது என்று முண்டியடிப்பார்கள். 752-லிருந்து ஒரு வருஷம்கூட நிறுத்தாமல் நடக்கிற வழிபாடு. கோயில் எரிந்த வருஷத்திலும் நடந்திருக்கிறது. அந்த இரண்டு வாரம் மட்டும் மாலைத் திட்டத்தைக் கூட்டத்துக்காக மாற்றிக்கொள்ளுங்கள்.

மற்ற நாளில் பத்துப் பதினைந்து பேர் இருப்பார்கள். பெரும்பாலும் உள்ளூர்க்காரர்கள், நாயை நடத்திவந்தவர்கள், பள்ளிக்கூடப் பெண்கள் இருவர். கீழே பெரிய மண்டபத்தின் கூரை, அதன் உச்சியில் இரண்டு தங்க வளைவுகள், அதற்கப்பால் ஊர், கடைசியில் இகோமா மலை. வெளிச்சம் மங்க மங்கத் தாழ்வாரத்து விளக்குகள் துலங்கும். எங்கோ மணி அடிக்கும். அத்தை கைப்பிடிக் கட்டையில் சாய்ந்து நின்று, "அந்த மான் தின்ற தாளில் இது எழுதியிருந்ததா?" என்று கேட்டார். இல்லை, அதில் நாலு மணி ரயில் என்றுதான் எழுதியிருந்தது.

இறங்கும் பாதையில் விளக்கு குறைவு, போனில் டார்ச் வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் கடைகள் ஆறு மணிக்கே சாத்த ஆரம்பித்துவிடும், இரவுச் சாப்பாட்டை ஒசாகாவிலோ கியோட்டோவிலோ வைத்துக்கொள்வது நல்லது. ரயில் இரவு பதினொன்றுக்கு மேலும் இருக்கிறது, ஓட வேண்டாம். ரயில், நுழைவு, பிஸ்கட், மோச்சி எல்லாம் சேர்த்து நம்பாவிலிருந்து ஒரு ஆளுக்கு ஐயாயிரம் யெனுக்குப் பக்கத்தில் முடியும். இன்னொரு நாள் கையில் இருந்தால், ஜே.ஆர். நாராவிலிருந்து பன்னிரண்டு நிமிஷ ரயிலில் ஹோர்யு-ஜி. உலகத்திலேயே பழைய மரக்கட்டடங்கள் அங்கேதான். அதற்கும் காலையிலேயே கிளம்புங்கள்.